தரங்கம்பாடி எருசலேம் கோவில் எழும்பிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் வழக்கம். கடலைப் பார்த்துவிட்டு, டேனியக் கோட்டையைச் சுற்றிவிட்டு, கடைசியில் கிங் தெருவில் இருக்கும் புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவ ஆலயமான புதிய எருசலேம் கோவிலில் வந்து உட்காருவோம். அங்கேதான் கேள்விகள் ஆரம்பிக்கும். யார் கட்டினார்கள், பணம் யார் கொடுத்தார்கள், எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். வருஷக்கணக்காகப் பதில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எருசலேம் கோவில் என்பது ஒன்றா, இரண்டா?

இரண்டு. முதல் எருசலேம் கோவில் 1707இல் கட்டப்பட்டது. சின்னது. கடலோரத்தில் நின்றது. இன்றைக்கு அது இல்லை. நீங்கள் போய்ப் பார்ப்பது 1718இல் கட்டி முடிந்த புதிய எருசலேம் கோவில். இரண்டையும் கட்டியது ஒரே சபைதான். இரண்டுக்கும் நடுவே பதினோரு வருஷம். பெரும்பாலும் பேச்சு இரண்டாவது கோவிலைப் பற்றியே இருக்கும், அது கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே. ஆனால் எனக்கு மனசு ஒட்டியிருப்பது அந்த முதல் கோவிலோடுதான். ஒரு சபை கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் கட்டியது அது.

அதற்கு முன்பு தரங்கம்பாடியில் கோவிலே இல்லையா?

இருந்தன. ஊரே பழைய ஊர். கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோவில் கல்வெட்டு, பாண்டியர் காலத்தில் குலசேகரன்பட்டினம் என்று இந்த ஊருக்கு ஒரு பெயர் இருந்ததைச் சொல்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களுடன் ஒப்பந்தம் செய்து இந்த இடத்தைக் கொடுத்தார். அவர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். கத்தோலிக்கரும் ஊரில் இருந்தார்கள். டேனியர்கள் தங்களுக்கென்று 1701இல் சீயோன் கோவிலைக் கட்டிக்கொண்டார்கள். அதுவும் கிங் தெருவில்தான், இன்றும் நிற்கிறது. ஆனால் அது டேனிய வியாபாரக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களுக்கும் சிப்பாய்களுக்கும் உரிய கோவில். வழிபாடும் அவர்கள் பாஷையில்தான்.

சபை எப்படித் தொடங்கியது?

1706 ஜூலை 9ஆம் தேதி 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் இரண்டு ஜெர்மன் வாலிபர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, இன்னொருவர் ஹென்றி புளூட்சோ. டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பியவர்கள். சீகன்பால்குவுக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்குதான். எங்கள் சபைகளில் போதகரை 'ஐயர்' என்று சொல்வதால், இன்றைக்கும் பெரியவர்கள் 'சீகன்பால்கு ஐயர்' என்றுதான் சொல்வார்கள்.

ராஜா அனுப்பினார் என்பதால் உள்ளூர் அதிகாரிகள் ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். கம்பெனிக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரம் செய்யும் இடத்தில் இது என்ன புதுத் தொல்லை என்பதே அவர்கள் எண்ணம்.

பாஷை படிப்பதில் இருவரும் இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழில் மூழ்கினார். ஒரு தமிழ் வாத்தியார் தம் பள்ளிக்கூடத்தையே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குக் கொண்டுவந்து நடத்தினார். பிள்ளைகள் மணலில் விரலால் அ, ஆ எழுத, பக்கத்தில் உட்கார்ந்து அவரும் மணலில் எழுதினார். புளூட்சோ போர்த்துக்கீசியத்தில் கவனம் வைத்தார். அந்தக் காலத்தில் துறைமுக ஊர்களில் ஐரோப்பியரும் அவர்கள் வீட்டு வேலையாட்களும் ஒருவரோடொருவர் பேசியது போர்த்துக்கீசியத்தில்தான்.

முதலில் சேர்ந்தவர்கள் யார்?

ஐந்து அடிமைகள். பலருக்கு இது புதிதாக இருக்கும். டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேருக்கு 1707 மே 12ஆம் தேதி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அது நடந்த இடம் சீயோன் கோவில், அதாவது எஜமானர்களின் கோவில்.

நாள்முழுக்க எஜமானர் வீட்டில் வேலை பார்த்தவர்கள், அந்த எஜமானரே உட்காருகிற கோவிலில் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்குச் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் உட்காருவது? அவர்களுக்குப் புரியும் பாஷையில் யார் எங்கே நின்று பிரசங்கம் செய்வது? முதல் கோவில் எழும்பக் காரணமே இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

ஐந்து பேருக்காக ஒரு கோவிலா? கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?

அப்போதும் இதைத்தான் கேட்டார்கள். மே 12இல் ஞானஸ்நானம், ஜூன் 14இல் அஸ்திவாரம். நடுவே ஒரு மாதம்தான். இதைக் கட்டி முடிக்கவே முடியாது என்று ஊரில் பலர் ஏளனம் செய்தார்கள்.

சபை பெருகிய பிறகு கட்டடம் கட்டுவதுதான் வழக்கம். எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளும் அப்படித்தான் வளர்ந்தன. முதலில் ஒரு வீட்டுத் திண்ணை, பிறகு கீற்றுக் கொட்டகை, பிறகு ஓட்டுக் கட்டடம். தரங்கம்பாடியில் அந்தத் திண்ணைக்கு வழியில்லை. அடிமைக்குத் தனக்கென்று திண்ணை ஏது? தமிழ் பேசுகிறவர்களை டேனியக் கோவிலுக்குள் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்? அவர்கள் கூச்சமில்லாமல் வாசற்படி ஏறுகிற மாதிரி ஓர் இடம் தேவைப்பட்டது. அது ஒரு கூடமாக இருந்தால் போதும். தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் பேசலாம், பாடலாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த முடிவு சரியென்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. கோவில் திறந்த மூன்றே வாரத்தில், 1707 செப்டம்பர் 5ஆம் தேதி, தமிழர்கள் ஒன்பது பேர் அந்தப் புதுக் கோவிலுக்குள் ஞானஸ்நானம் பெற்றார்கள். மே மாதம் நடந்தது அடுத்தவர் கோவிலில். செப்டம்பரில் நடந்தது தங்கள் சொந்தக் கோவிலில்.

முதல் கோவிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பங்கு அந்த இருவரின் சம்பளத்திலிருந்து. ராஜாவின் கஜானாவிலிருந்து கட்டட நிதி என்று ஒன்றும் வந்து சேர்ந்திருக்கவில்லை. கம்பெனி கொடுக்கிற நிலையில் இல்லை. தங்கள் சாப்பாட்டுச் செலவைச் சுருக்கி, மிஞ்சியதைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் போட்டார்கள்.

ஐரோப்பாவில் பணம் இல்லாமல் இல்லை. இங்கே வந்து சேர்வதுதான் பாடாக இருந்தது. 1708இல் ஐரோப்பாவிலிருந்து ஒரு பணப்பெட்டி வந்தது. தரங்கம்பாடியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். வரும்போது படகு கவிழ்ந்து பெட்டி கடலில் போய்விட்டது. கோரமண்டல் கரையில் அலை உடையும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இத்தனை மாதம் காத்திருந்த பணம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மூழ்கியது. நல்லவேளை, இந்தப் பணத்துக்காகக் கட்டடத்தை நிறுத்தி வைக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமே கோவில் எழும்பிவிட்டது.

இரண்டே மாதத்தில் எப்படிக் கட்டினார்கள்?

ஜூன் 14இல் அஸ்திவாரம், ஆகஸ்ட் 14இல் பிரதிஷ்டை. சரியாக இரண்டு மாதம்.

கட்டடம் சின்னது என்பது ஒரு காரணம். காலமும் ஒத்துவந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இந்தக் கரையில் வெயில் காயும், எப்போதாவது சாயங்கால மழை வந்து போகும். அடைமழை என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். சுண்ணாம்புச் சுவர் காய வெயில் வேண்டும். ஐப்பசி வரை இழுத்திருந்தால் வேலை தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். வீடு கட்டிய அனுபவம் உள்ள யாருக்கும் இது தெரியும்.

திறப்பு நாளில் யார் யார் வந்தார்கள்?

சபையார் கொஞ்சம் பேர்தான். ஆனால் வேடிக்கை பார்க்கவும் கேட்கவும் பெருங்கூட்டம் வந்தது. கிறிஸ்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வந்தார்கள். போர்த்துக்கீசியத்திலும் தமிழிலும் பிரசங்கம் நடந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தமிழில் பிரசங்கம் செய்கிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? கப்பலிலிருந்து இறங்கி அப்போது பதின்மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

கடவுளைக் குறிக்க சீகன்பால்கு 'சருவேசுரன்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பே தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கிய சொல் அது. இன்றைக்கு நாம் 'தேவன்', 'கர்த்தர்' என்கிறோம். முதல் கோவிலின் சுவர்களுக்குள் ஒலித்தது 'சருவேசுரன்'. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கூடம் எனக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்த மாதிரி இருக்கும்.

கம்பெனி அதிகாரிகள் சும்மா இருந்தார்களா?

இல்லை. ஆளுநராக இருந்தவர் ஹாசியஸ். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பேசப்போக, வாக்குவாதம் முற்றி, 1708 நவம்பரில் அவரைப் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். ஏறத்தாழ நாலு மாதம் உள்ளே இருந்தார். 1709 மார்ச்சில்தான் வெளியே விட்டார்கள். கட்டி ஒன்றரை வருஷமே ஆன கோவில், புதிதாகச் சேர்ந்த சபையார், மேய்ப்பர் கோட்டைக்குள். அப்படியும் சபை கலைந்துபோகவில்லை.

பிறகு ஏன் இரண்டாவது கோவில்?

இடம் போதவில்லை. சபை வளர்ந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெருகினார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்து, சாப்பாடு போட்டுப் படிக்கவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உட்கார வேண்டும். பழைய கோவிலோ கடலோரத்தில் இருந்தது. இந்தக் கரையைக் கடல் மெல்ல மெல்லத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பக்கத்தையே கடல் எடுத்துக்கொண்டதை இன்றும் பார்க்கலாம்.

அதனால் இந்த முறை ஊருக்குள், கிங் தெருவிலேயே இடம் அமைந்தது. அதுவும் சீயோன் கோவிலுக்கு அருகில். பத்து வருஷத்துக்கு முன்பு எஜமானர் கோவிலில் தண்ணீர் வாங்கிய சபை, இப்போது அதே தெருவில் அதைவிடப் பெரிதாக ஒன்று கட்ட ஆரம்பித்தது. 1717 பிப்ரவரி 9இல் அஸ்திவாரம், 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை. இருபது மாத வேலை. இந்தத் தடவையும் அடைமழைக்குக் கொஞ்சம் முன்னால் முடித்துவிட்டார்கள்.

இந்த முறை பணம்?

இந்த முறை நிலைமை வேறு. டென்மார்க் ராஜா தபால் வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 2000 ரிக்ஸ்டாலர் மிஷனுக்கு ஒதுக்கியிருந்தார். ஜெர்மனியில் ஆல்லே நகரத்தில் பிராங்கே என்பவர், தரங்கம்பாடியிலிருந்து வரும் கடிதங்களை 1710 முதல் அச்சடித்து வெளியிட்டார். அவற்றைப் படித்தவர்கள் காசு அனுப்பினார்கள். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அச்சு இயந்திரமும் காகிதமும் கொடுத்தது. அந்த அச்சகத்தில்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

ஆக, மணலில் அ எழுதிப் படித்தவர் ஓலையிலும் தாளிலும் எழுதிய கடிதங்கள்தான் ஒரு வகையில் இந்தக் கோவிலுக்குச் செங்கல் ஆயின. இப்போது நாம் கட்டட நிதிக்கு ரசீதுப் புத்தகம் அடித்துக் கொடுக்கிறோம் இல்லையா, அதற்கு முன்னோடி என்று அந்த ஆல்லே கடிதங்களைச் சொல்லலாம்.

கோவில் கட்டுவது வீண் செலவு என்று யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். அதுவும் உள்ளே இருந்தவர்களே. கோபன்ஹேகனில் மிஷனை நிர்வகிக்க 1714இல் ஒரு குழு அமைத்தார்கள். அதன் செயலர் வெண்ட் என்பவர். அவர் பார்வை இதுதான்: அப்போஸ்தலர்கள் கோவில் கட்டினார்களா, பள்ளிக்கூடம் நடத்தினார்களா? ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். நீங்கள் ஏன் ஓர் இடத்தில் உட்கார்ந்து கட்டடம் கட்டிச் செலவு செய்கிறீர்கள்? அங்கிருந்து வந்த கடிதங்கள் கடுமையாக இருந்தன. ஏற்கெனவே உடம்பு தளர்ந்திருந்த சீகன்பால்குவை அவை இன்னும் உடைத்துப்போட்டன.

வெண்ட் கெட்டவர் இல்லை. எளிமையை விரும்பியவர். நம் சபைகளிலும் கட்டடக் கமிட்டி கூடும்போது இப்படிப் பேசுகிற ஒருவர் இருப்பார், இருக்கவும் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் ஊராகப் போகிறவர் போய்விடுவார். அடிமை வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் சோறு தின்னும் பிள்ளையும் அங்கேயே இருப்பார்கள். அவர்களுக்கு மழையில் ஒதுங்க ஒரு கூரையும், எழுத்துப் படிக்க ஒரு தரையும் வேண்டும். கோபன்ஹேகனில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தத் தரை தெரியவில்லை.

கோவில் என்ன வடிவம்?

சிலுவை வடிவம். நான்கு கைகள் வந்து கூடும் நடுவில் நின்று பேசினால் எல்லாப் பக்கமும் கேட்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் உடம்பில் உறைப்பது குளிர்ச்சிதான். சுவர் கனம். சித்திரை வெயிலில் கிங் தெருவில் நடந்து வந்து உள்ளே கால் வைத்துப் பாருங்கள், தெரியும். பேசினால் குரல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். என் அத்தை ஒருமுறை மெதுவாக ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்தார்கள். ஒரு அடி முடிவதற்குள் பக்கத்தில் யாரோ கூடப் பாடுவது போல இருந்தது. அத்தை நிறுத்திவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

முகப்பில் இருக்கும் கிரீடம் என்ன?

அது நான்காம் பிரெடரிக் ராஜாவின் முத்திரை. கிரீடமும் அவர் பெயரெழுத்தும். 1718 என்ற ஆண்டும் உண்டு. அந்தத் தெருவில் அந்த முத்திரைக்கு ஒரு வேலை இருந்தது: இந்தச் சபைக்குப் பின்னால் ராஜா இருக்கிறார் என்று கம்பெனிக்காரர்களுக்குச் சொல்வது. சிறைவாசம் பார்த்த சபை அல்லவா! எனக்கு ஒரே மனக்குறை. கல்லும் சுண்ணாம்பும் சுமந்த கொத்தனார், சித்தாள் யாருடைய பெயரும் அந்த முகப்பில் இல்லை.

உள்ளே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்களா?

இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அடிமைகளோடு தொடங்கிய சபைதான், ஆனாலும் சாதி வாசலோடு நின்றுவிடவில்லை. சாதி வாரியாக இடம் பிரித்து உட்காரும் வழக்கம் கோவிலுக்குள் இருந்தது. 1733 டிசம்பர் 28ஆம் தேதி இதே கோவிலில் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். கடலூர்க்காரர். வேளாளர் குடும்பம். இந்திய மண்ணில் புராட்டஸ்தாந்து சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். அது பெரிய நாள், சந்தேகமில்லை. ஆனால் தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்த உபதேசியார் இராசநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. பறையர் குலத்தில் பிறந்தவர் என்பதால் மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று தயங்கி, 1741இல் தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கோவிலில் உட்காரும்போது ஆரோனையும் நினைக்கிறேன், இராசநாயக்கனையும் நினைக்கிறேன். கூட வருகிறவர்களுக்கும் இரண்டையும் சொல்லிவிடுவேன். பாதிக் கதை சொல்வது அந்த முதல் ஐந்து பேருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சீகன்பால்கு இந்தக் கோவிலில் எத்தனை காலம் ஊழியம் செய்தார்?

நாலு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 1718 அக்டோபரில் பிரதிஷ்டை, 1719 பிப்ரவரி 23இல் காலமானார். வயது 36. அவரை இந்தக் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கூட ஊழியம் செய்த குருண்ட்லர் அடுத்த வருஷமே, 1720 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அவரும் இங்கேதான். பலிபீடத்தின் இரு பக்கமும் இருவரும் இருக்கிறார்கள். புளூட்சோ 1711இலேயே ஐரோப்பா திரும்பிவிட்டார்.

இதுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்தவக் கோவிலா?

இல்லை. சிலர் ஆர்வத்தில் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் கோவில்கள் எத்தனையோ நூற்றாண்டு முந்தியவை. கத்தோலிக்கக் கோவில்கள் இருந்தன. புராட்டஸ்தாந்துக் கோவில் என்று எடுத்தாலும், சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் கோவில் 1680இல் பிரதிஷ்டை ஆனது. ஆனால் அது ஆங்கிலேயருக்காகக் கட்டியது, சீயோன் டேனியருக்காகக் கட்டியது. எருசலேம் கோவில் இந்த மண்ணில் பிறந்த ஒரு புராட்டஸ்தாந்துச் சபை தன் பாஷையில் தொழுவதற்காகக் கட்டியது. அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது. 'முதல்' என்ற பட்டத்துக்காக வேறு எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

'எருசலேம்' என்ற பெயர் ஏன்?

வேதாகமப் பெயர். டேனியர் கோவில் சீயோன், சபையார் கோவில் எருசலேம். பெரிதாகக் கட்டியபோது அது 'புதிய எருசலேம்' ஆனது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் வரும் நகரத்தின் பெயர் அது. பிறகு 1746இல் பக்கத்துப் பொறையாரில் கட்டியதற்கு பெத்லகேம் என்று பெயர் வைத்தார்கள்.

சபை இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. 1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சபை போகவில்லை. 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் பேராயரை இன்றும் 'தரங்கைப் பேராயர்' என்றுதான் சொல்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஊர் பட்ட பாட்டை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அந்த ஊர்க்காரர்களிடம் அதைக் கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

எங்கள் சபையும் சின்னது, கோவில் கட்ட நினைக்கிறோம். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நான் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோவில் ஓட்டுக் கூரையிலிருந்து காங்கிரீட் ஆனது அறுப்புப் பண்டிகை ஏலத்தால். தெரியாதவர்களுக்கு: அறுவடை முடிந்ததும் ஆளுக்கு முடிந்ததைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பார்கள். நெல், பூசணி, வாழைத்தார், சேவல். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஒரு வருஷம் ஒரு பாட்டி நாலு முட்டை கொண்டுவந்தார். ஏலம் எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, முட்டையைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. அந்த நாலு முட்டை எத்தனை கை மாறியது என்று எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. கடைசியில் அது பாட்டி வீட்டுக்கே போனது. அன்று வந்த காசில் ஜன்னலுக்குக் கம்பி வாங்கினோம்.

தரங்கம்பாடியில் எனக்குப் பிடித்ததும் இந்த மாதிரி ஒன்றுதான். பெரிய பணம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கைக்கு எட்டிய அளவில் ஒரு சின்னக் கூடத்தை இரண்டு மாதத்தில் கட்டினார்கள். அதில் உட்கார்ந்து வளர்ந்தார்கள். பத்து வருஷம் கழித்து, தேவைக்கு ஏற்றபடி பெரிதாகக் கட்டினார்கள். முதல் கட்டடத்தையே பெரிதாகத் திட்டமிட்டு, கம்பி துருப்பிடித்து நிற்கும் தூண்களோடு பல வருஷம் கிடக்கும் சபைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வேதனையாக இருக்கும். அப்புறம் இன்னொன்று: கமிட்டியில் ஒரு வெண்ட் இருந்தால் அவர் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். இந்தத் தரை யாருக்காக என்று உங்களால் சொல்ல முடிந்தால் அவரும் காணிக்கை போடுவார்.

போய்ப் பார்க்க வேண்டுமானால்?

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து உண்டு. ஊருக்குள் நுழையும் இடத்தில் 1792இல் கட்டிய நகர வாயில் நிற்கும். அதைத் தாண்டினால் கிங் தெரு. நேரே நடந்தால் கோவில்கள், கடைசியில் கோட்டையும் கடலும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், சுற்றிப் பார்ப்பதை அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கடற்கரைக்குப் போய், மாசிலாமணிநாதர் கோவில் பக்கமாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தப் பணப்பெட்டி மூழ்கியதும் இந்த அலையில்தான், அந்த முதல் சின்னக் கோவில் பார்த்துக்கொண்டு நின்றதும் இதே கடலைத்தான்.